பேர்போன் கேமிங் லேப்டாப்: வாங்கும் முன்பும் மூடியைத் திறக்கும்போதும் வரும் கேள்விகள்

டெஸ்க்டாப்பை நாமே அசெம்பிள் செய்து பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: லேப்டாப்பையும் இப்படியே கட்டினால் என்ன? கட்டலாம், ஆனால் பாதிதான் நம் கையில் இருக்கிறது. அந்தப் பாதி எது, மீதி எது என்று தெரியாமல் பணத்தைப் போடுகிறவர்கள்தான் அதிகம். என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேர்போன் லேப்டாப் என்றால் பெட்டிக்குள் என்ன வரும்?

உடல், மதர்போர்டு, பிராசசர், கிராபிக்ஸ் சிப், பேன்கள், திரை, கீபோர்டு, பேட்டரி, அடாப்டர் எல்லாம் வரும். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் மூன்றும் வராது. சிலவற்றில் வைஃபை கார்டும் இருக்காது. அவற்றை நாம் வாங்கி மாட்ட வேண்டும்.

பெயரைக் கேட்டதும் எலும்புக்கூடு போல ஏதோ வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்க முழு லேப்டாப்தான், சுவிட்சைப் போட்டால் மட்டும் எதுவும் வராது.

பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் நான் தேர்ந்தெடுக்கவே முடியாதா?

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அவற்றையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். பிறகு மாற்ற வழியில்லை, இரண்டும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை.

முன்பு இப்படி இல்லை. இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை லேப்டாப் பிராசசர்களில் சாக்கெட் வகை இருந்தது. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாம் பற்றவைப்புதான். கிராபிக்ஸுக்கும் எம்எக்ஸ்எம் என்று கழற்றி மாட்டும் அட்டை இருந்தது. தைவானின் கிளெவோ 2021 வரைக்கும்கூட இந்தக் கட்சியை விடவில்லை. எக்ஸ்170 வரிசையில் டெஸ்க்டாப் பிராசசரையே சாக்கெட்டில் வைத்து, எம்எக்ஸ்எம் கிராபிக்ஸும் கொடுத்தார்கள். எடை நாலு கிலோவுக்கு மேல். மடியில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி வைக்க மாட்டார்கள்.

இன்றைக்கு கிராபிக்ஸைக் கழற்றி மாற்ற முடிகிற பெட்டி என்றால் ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனியின் ஃப்ரேம்வொர்க் 16 நினைவுக்கு வருகிறது. 2024 தொடக்கத்தில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் கிராபிக்ஸ் மாட்யூலோடு வந்தது. 2025 ஆகஸ்டில் அதே உடலில் மாட்டும்படி ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலை அறிவித்தார்கள். பழைய வாடிக்கையாளருக்குப் புது கிராபிக்ஸ் தருவோம் என்று லேப்டாப் உலகில் பலர் சொன்னதுண்டு. செய்தும் காட்டியவர்கள் சொற்பம் என்பதால் இவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

ஆகவே கணக்கு எளிது. பிறகு மாற்ற முடியாதவற்றில் மூளையையும் பணத்தையும் செலவழியுங்கள். ரேம், எஸ்எஸ்டி இரண்டிலும் முதல் நாளில் சிக்கனமாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

இந்தப் பெட்டிகளை யார் செய்கிறார்கள்? ஒரே லேப்டாப் நாலு பெயரில் வருகிறதே?

கிளெவோ ஒன்று, சீனாவின் டாங்ஃபாங் ஒன்று, எம்எஸ்ஐயும் சில மாடல்களை இப்படித் தருகிறது. இவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஜெர்மனியில் எக்ஸ்எம்ஜி, டக்ஸிடோ, பிரிட்டனில் பிசி ஸ்பெஷலிஸ்ட், அமெரிக்காவில் சேகர் (Sager), எலுக்ட்ரானிக்ஸ் (Eluktronics) என்று. மேல்மூடியில் லோகோ வேறு, உள்ளே போர்டு ஒன்று.

இதில் ஒரு வசதி இருக்கிறது. விற்பவர் வைத்த பெயரைவிட, அடியில் ஒட்டியிருக்கும் உண்மையான சேஸி எண்ணை, அதாவது உடலின் மாடல் எண்ணை, கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் ரிப்பேர் வழிகாட்டி, பேன், பேட்டரி எல்லாம் உலகம் முழுக்க எங்கெங்கோ கிடைக்கும். ஆனால் போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் உங்களுக்கு விற்றவர் தருவதைத்தான் போட வேண்டும். அடுத்தவர் பயாஸில் பேன் கட்டுப்பாடும் கீபோர்டு விளக்கும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம்.

விற்பவர் நாலு வருஷம் கழித்தும் இருப்பாரா என்பதும் கேள்விதான். இன்டெல்லே, தன் குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்திருந்த என்யூசி என்ற பெயரில் 2021இல் எக்ஸ்15 என்ற கேமிங் லேப்டாப் கிட் கொண்டுவந்தது. 2023 ஜூலையில் என்யூசி தொழிலையே விட்டுவிட்டது, ஆசுஸ் எடுத்துக்கொண்டது. இன்டெல்லுக்கே அந்த கதி.

கிராபிக்ஸில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் எண்ணை. விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது.

ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்விடியா அதற்கு அனுமதித்த வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. பிராசசர் பயன்படுத்தாத மின்சாரத்தை கிராபிக்ஸுக்குத் தரும் டைனமிக் பூஸ்ட் சேர்ந்தால் 140 வரை போகும். மெல்லிய பெட்டியில் 60 வாட்டில் மூச்சுத் திணறுவதும் 4060தான், தடித்த பெட்டியில் 140இல் ஓடுவதும் 4060தான். இதனால்தான் "4060 போதுமா, 4070 எடுக்கலாமா" என்று கேட்பவரிடம் நான் "எத்தனை வாட்?" என்று திருப்பிக் கேட்கிறேன். லேப்டாப் 4070 வீடியோ மெமரியும் அதே 8 ஜிபி, அந்த மெமரிக்குப் போகும் பாதையும் அதே 128 பிட். முழு வாட் கிடைக்கிற 4060, பட்டினி போட்ட 4070ஐத் தோளோடு தோள் உரசும்.

டெஸ்க்டாப் பெயரை நம்பியும் ஏமாறாதீர்கள். டெஸ்க்டாப் 4070இல் 12 ஜிபி, லேப்டாப்பில் 8. லேப்டாப் 4090இன் உள்ளே இருப்பது டெஸ்க்டாப் 4080இன் சிப். 50 வரிசையிலும் லேப்டாப் 5060, 5070 இரண்டும் 8 ஜிபிதான் என்று அறிமுகமாயின, 5070 டிஐக்குப் போனால்தான் 12. புது கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிறைந்து திக்கும். நாலைந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர் இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று, மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் கிராபிக்ஸ் வரைந்த ஒவ்வொரு படமும் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸைச் சுற்றிக்கொண்டுதான் திரைக்கு வரும். வேகமான கேம்களில் அந்தச் சுற்றுவழி தெரியும்.

பிராசசர்?

எட்டு கோர் இருந்தால் கேமுக்குப் போதும். மேலே போகிற ஒவ்வொரு படிக்கும் பணமும் சூடும்தான் ஏறும். வீடியோ எடிட்டிங் பிழைப்பாக இருந்தால் விஷயம் வேறு.

பெயரில் மட்டும் கவனம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மை பேசும், உள்ளே எந்தத் தலைமுறை வடிவமைப்பு (ஜென்) என்று அதுதான் சொல்லும். 7735எச்எஸ் என்பதில் அது 3, அதாவது ஜென் 3+, பழைய சரக்கு புதுச் சட்டையில். 7745எச்எக்ஸில் அது 4, உண்மையான ஜென் 4. இரண்டும் "ரைசன் 7, ஏழாயிரம் சீரிஸ்" என்றே விற்கப்படும்.

திரையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

முடியும், ஆனால் நினைக்கிற அளவு எளிதில்லை. திரைக்குப் போகும் ஒயரில் 30 பின், 40 பின் என்று இரண்டு வகை. 60 ஹெர்ட்ஸ் திரையோடு 30 பின் ஒயர் வந்திருந்தால் 144 ஹெர்ட்ஸ் திரை மட்டும் வாங்கிப் பயனில்லை, ஒயரும் தேட வேண்டும். போர்டு ஒத்துக்கொள்ளுமா என்பது அதற்கடுத்த கவலை.

விவரப் பட்டியலில் நிறத்துக்கு "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். 100% எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும்.

ரேம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வகை. டிடிஆர்4 லேப்டாப் ரேமில் 260 பின், டிடிஆர்5இல் 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் கடையில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அப்படி நடந்தது. பில்லில் டிடிஆர்5, கவருக்குள் டிடிஆர்4. நான் பில்லைப் பார்த்தேனே தவிர ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்லாட்டில் வைத்து அழுத்தும்போதுதான் ஏதோ இடிக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் ஸ்லாட் உடைந்திருக்கும்.

அடுத்தது, ஒன்றா இரண்டா? இரண்டு. 16 ஜிபி ஒற்றைத் துண்டைவிட 8+8 வேகமாக ஓடும், பிராசசருக்கு இரண்டு பாதை திறக்கிறது. ஆனால் டிடிஆர்5இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 8 ஜிபி துண்டுகளில் பெரும்பாலும் நாலே நாலு சிப்தான் இருக்கும், ஒவ்வொன்றும் 16 பிட் அகலம். அந்த அகலச் சிப்களில் உள்ளறைக் குழுக்கள் பாதிதான் என்பதால் வேகம் கொஞ்சம் அடிவாங்கும். 16 ஜிபி துண்டுகளில் இந்தக் குறை இல்லை. பணம் இருந்தால் 16+16. இல்லையென்றால் 16 ஒன்றை இப்போது வாங்கி, இன்னொரு 16ஐப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். 8+8 வாங்கினால் நாளை இரண்டையும் தூக்கிப் போட வேண்டி வரும்.

பெட்டியின் மேல் வேகம் 6400 என்று பெரிதாக எழுதிய ரேமைப் பார்த்து மயங்க வேண்டாம். லேப்டாப் போர்டுகள் பல 4800 அல்லது 5600 என்று தங்கள் எல்லைக்குள்தான் ஓட்டும். போர்டின் எல்லையைப் பார்த்து அதற்குரியதை வாங்குங்கள்.

பெட்டி விவரத்தில் எல்பிடிடிஆர்5 என்று கண்டால் அது பற்றவைத்த ரேமாக இருக்கும். அதில் பேர்போன் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

எஸ்எஸ்டி?

எம்.2 2280 அளவு, பிசிஐஇ 4.0 (போர்டோடு பேசும் பாதையின் தலைமுறை), டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட்), 1 டிபி. இந்த நாலும் பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். ஃப்ரேம்வொர்க் 16 போன்றவற்றில் இரண்டாவது ஸ்லாட் 30 மில்லிமீட்டர் நீளமுள்ள 2230ஆக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசிஐஇ 5.0 வேண்டாம். அதிகப்படி வேகம் கேம் லோடாவதில் பெரிதாகத் தெரியாது, சூடு நன்றாகவே தெரியும். மேலே சூட்டைத் தணிக்க உயரமான அலுமினியச் சீப்பு ஒட்டியதை வாங்கினால் அடிமூடி மூடாது. இருபக்கமும் சிப் உள்ள எஸ்எஸ்டியும் சில மெல்லிய பெட்டிகளில் உட்காராது. இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒன்றைக் காலியாக விட்டுவைத்து, பிறகு விலை பார்த்து வாங்குங்கள். ஒரு கேமே 100 ஜிபியைத் தின்னும் காலம், அந்த ஸ்லாட்டுக்கு வேலை வராமல் போகாது.

வைஃபை கார்டு தனியாக வாங்க வேண்டியிருந்தால்?

இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள், ஏஎம்டி போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் இன்டெல் போர்டில் மட்டுமே வேலை செய்பவை. கார்டின் பாதி வேலை பிராசசர் பக்கத்தில் நடக்கும் அமைப்பு அது. ஏஎம்டிக்காரர்கள் விலை குறைவு என்று அவற்றை வாங்கிவிட்டு முழிப்பது வழக்கமாக நடப்பது.

ஆன்டெனா ஒயரின் நுனி எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. நேர் மேலே வைத்து நகத்தால் அழுத்தினால் சொடுக்கென்று உட்காரும். சாய்வாக அழுத்தினால் நசுங்கும்.

சென்னை வெயிலில் இது தாங்குமா?

தாங்கும், ஆனால் விமர்சன வீடியோக்களின் டிகிரிக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அந்தச் சோதனைகள் 22, 24 டிகிரி அறையில் நடந்திருக்கும். நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறை 36ஐத் தொடும். அறையில் ஏறுகிற டிகிரி, கிட்டத்தட்ட அப்படியே சிப்பிலும் ஏறும். வீடியோவில் 85 என்று பார்த்தது உங்கள் மேஜையில் 95ஐத் தாண்டப் பார்க்கும். அங்கே சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது, நீங்கள் காசு கொடுத்த வேகம்தான் கிடைக்காது.

அதனால் ஒரே சிப் இரண்டு பெட்டிகளில் கிடைத்தால் தடித்ததை எடுங்கள். சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தப் பூசும் பசைக்குப் பதில் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் போட்டுத் தருவார்களா என்று விற்பவரைக் கேளுங்கள். 45 டிகிரியை ஒட்டி இளகிப் படியும் தாள் அது, சாதாரணப் பசை போல நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்காது. திரவ உலோகத்தை மட்டும் நீங்களே பூசப் போகாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி வழிந்தாலும் போர்டு காலி.

பின்பக்கம் இரண்டு புத்தகத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தினாலே சில டிகிரி குறையும். கூலிங் பேட் விளம்பரங்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

அடாப்டர், பேட்டரி விஷயத்தில் எதைக் கவனிப்பது?

அடாப்டரின் வாட், பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்து குடிப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜில் போட்டு விளையாடும்போதே பேட்டரி இறங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி என்றால், அடாப்டர் நம் ஊர் மின்னழுத்தத்தை ஏற்கும், பிளக்தான் நம் சுவரில் நுழையாது. மாற்று பிளக் குமிழைச் செருகாமல், எர்த் உள்ள மூன்று பின் ஒயர் தனியாக வாங்குங்கள். எர்த் இல்லாமல் ஓட்டினால் உலோக உடலைத் தொடும்போது விர்ரென்று ஒரு கூச்சம் வரும். அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டியின் கசிவு மின்சாரம் அது.

பேட்டரி பொதுவாக 100 வாட்-மணியைத் தாண்டுவதில்லை. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையில் கொண்டுபோக 100 வாட்-மணிதான் எல்லை, அதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மொத்தத்தில் லாபமா?

பெரும்பாலும் இல்லை. பெட்டி விலை, கூரியர், இறக்குமதி வரிகள், ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தீபாவளித் தள்ளுபடியில் கிடைக்கும் பிரபல கம்பெனி லேப்டாப்போடு ஒப்பிடுங்கள். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள். 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதும், ஒருவர் தன் தேவைக்குக் கூரியரிலோ தபாலிலோ ஒரே ஒரு லேப்டாப் வரவழைப்பதற்கு விலக்கு வைத்தார்கள். இரண்டாவதாகத் தம்பிக்கும் சேர்த்து ஆர்டர் போட்டால் சிக்கல்தான்.

2025 கடைசியில் இந்தக் கணக்கு இன்னும் மாறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மெமரி சிப் செய்யும் மைக்ரான், தன் க்ரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த டிடிஆர்5 ரேம் கையில் இருப்பவருக்குக் காலிப் பெட்டி நல்ல பேரம். எல்லாமே புதிதாக வாங்குபவருக்கு ரேமோடு வரும் ரெடிமேடே மலிவாக முடியலாம்.

பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டால்: வேண்டாத கம்பெனி மென்பொருள் ஒன்றும் இருக்காது, திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல் குறைவு, உதிரிபாகம் கிடைக்கும். இவற்றுக்குப் பணம் கொடுக்க மனசிருந்தால் வாங்குங்கள்.

விண்டோஸ் கட்டாயமா?

வேலோரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி கேம் விளையாடுபவருக்கு ஆமாம், அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸில் ஓடாது. ஆன்லைன் போட்டி கேம்கள் பலவற்றில் இதே கதை. தனியாகக் கதை ஓட்டுகிற கேம்கள் மட்டும் என்றால், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட வால்வ் கம்பெனி 2018இல் கொண்டுவந்த புரோட்டான் என்ற மென்பொருள் வழியாகப் பெரும்பாலும் தாராளமாக ஓடுகின்றன.

விண்டோஸ் 11 போடுபவர்கள் ஒரு வேலையை முன்கூட்டியே செய்யுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் வைஃபை டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது இன்டர்நெட் இல்லாமல் நகரமாட்டேன் என்று அது நிற்கும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்கு இன்டர்நெட் வேண்டும்.

நானே திறந்து மாட்டலாமா?

தாராளமாக. நல்ல பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய கிட்டார் பிக் அல்லது ஏடிஎம் கார்டு போதும். ஸ்க்ரூக்களில் நீளம் குட்டை உண்டு. ஒரு காகிதத்தில் அடிமூடியை வரைந்து, எந்த ஓட்டையில் வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முடுக்கினால் கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு தெரியும். மூடி திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. ரேமை 30 டிகிரி சாய்வில் செருகி, தங்கநிறப் பற்கள் மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் டிக் என்று பிடிக்க வேண்டும். ஒரு டிக் மட்டும் கேட்டால் மறுபடி எடுத்துச் செருகுங்கள்.

எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். விளக்கு எரிகிறது, பேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போச்சா?

போகவில்லை, காத்திருங்கள். டிடிஆர்5 முதல் தடவை மாட்டும்போது போர்டு அந்த ரேமோடு பேசிப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை திரையில் ஒரு எழுத்தும் வராது. நடுவில் அணைத்தால் பழகுவது முதலிலிருந்து தொடங்கும்.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ராத்திரி பதினொன்றரைக்கு ஆன் செய்து, ஒரு நிமிடம் பார்த்து, பயந்து அணைத்து, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி கறுப்பு. இடம் மாற்றி மாட்டினேன், கறுப்பு. ஒற்றைத் துண்டோடு பார்த்தேன், அப்போதும் கறுப்பு. கடைசியில் இரண்டையும் திரும்ப மாட்டி ஆன் செய்து, அணைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சிக் குடித்தேன். திரும்பி வந்தபோது திரையில் பயாஸ் பக்கம், மூலையில் 32 ஜிபி.